ஹெல்சிங்கிக்குச் சொன்ன பதில்

கச்சேரியில் பென்சனுள்ள அரசாங்க வேலையை விட்டவன் நான். திருகோணமலையில் இதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் கிடையாது. மனைவி கமலாதேவி ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. மாமனார் இன்றுவரை கதைக்கவில்லை. அது ஒரு வகையில் நன்மைதான்.

நானும் கிண்ணியாப் பாயிஸும் சேர்ந்து செய்தது இதுதான். மீனவர் கரைக்குத் திரும்பும்போதே என்ன மீன், எத்தனை கிலோ என்று கைத்தொலைபேசியில் எங்கள் கணினிக்குச் செய்தி அனுப்புவார். அது உடனே எல்லா வியாபாரிகளுக்கும் போகும். கூடிய விலை சொன்னவர் ஐஸ் பெட்டியோடு கரைக்கு வருவார். அதற்கு முன்னர் கரையில் நிற்கும் ஒரே முதலாளி வைத்ததுதான் விலை. பாயிஸின் வாப்பாவும் அப்படியொரு முதலாளி என்பதால் அவன் வீட்டு நிலைமையும் என் வீட்டைப் போலத்தான்.

இறக்கக்கண்டியில் தொடங்கினோம். சம்பூரில்தான் பிடித்துக்கொண்டது. அங்கே மட்டும் நூற்றுப் பதினாறு பேர். கணினித் திரையில் சம்பூர்க் கோடு ஏற ஏற, பாயிஸ், பிள்ளை பிறந்த தகப்பன்போல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவான்.

ஆனால் 2006 ஆனி மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க எங்களிடம் காசில்லை. வங்கிக் கடனுக்குக் காணி உறுதியை அடகு கேட்டார்கள். தொழில் முளைவிடும்போதே பங்கு வாங்கிப் பணம் போடுகிறவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு எழுதினோம். பத்து நாடுகளுக்கு எப்போது விரிப்பீர்கள் என்று லண்டன்காரர் கேட்டார். நாங்கள் சோதனைச் சாவடிகளைத் தாண்டி மூதூருக்குப் போய்வருவதே பெரும்பாடு. பெர்லின்காரர் நாற்பது பக்கப் படிவம் அனுப்பி, ஐந்து வருடத்துத் திட்டத்தை மாதம் மாதமாகக் கேட்டார். நாளைக்கு இராணுவம் பாதையைத் திறக்குமா என்பது கச்சேரிக்கே பெரியவரான அரசாங்க அதிபருக்குக்கூடத் தெரியாது.

ஹெல்சிங்கியில் மரியா என்ற பெண்மணிதான் எங்களை மதித்தார். குறைவாகக் கதைப்பார், கவனமாகக் கேட்பார். அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: பாவிக்கத் தொடங்கியவர்கள் விடாமல் பாவிக்கிறார்களா? வாராவாரம் அந்த விபரத்தை அனுப்பினோம். அநேகமாகச் சரிதான், வைகாசியில் ஒருமுறை கதைத்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

சித்திரைக் கடைசியில் சம்பூரில் விமானக் குண்டு விழுந்தது. குடாவின் அக்கரையில் எழுந்த புகையை நகரத்திலிருந்தே பார்த்தோம். சனம் உடுத்த உடுப்போடு ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஓடியது. நூற்றுப் பதினாறு பேரிடமிருந்தும் அன்றோடு செய்தி நின்றது.

சொன்ன நாளில் மரியா போன் எடுத்தார். பாயிஸ் பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு இருந்தான்.

"சம்பூர்க் கோடு ஒரே நாளில் பூச்சியமாகிவிட்டதே. அங்கே ஏதாவது பிரச்சினையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. வெளிநாட்டிலிருந்து யார் எடுத்தாலும் எங்கள் ஊரில் சொல்லும் பதில் அதுதான். போனை யார் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஷெல் விழும் சத்தம் அவர்களுக்கே கேட்டாலும் மழை இருட்டுது, இடி முழங்குது என்போம். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளியிருந்த சோமசேகரம் மாஸ்டர் கனடாவிலிருந்த மகளுக்குப் போனில் உள்ளதை உள்ளபடி சொன்னார். இரண்டு நாளில் அவரை யாரோ வந்து கூட்டிப்போனார்கள். அவர் திரும்பவில்லை.

பாயிஸ் என் காலை மிதித்தான். மரியா, "நிச்சயமாகவா? அப்படியென்றால் அவர்களாகவே விட்டுவிட்டார்களா?" என்றார்.

இந்த முறை யோசித்தேன். மாஸ்டர் வீட்டு வாசற்படலையையும் என் இரண்டு பிள்ளைகளையும்தான் நினைத்தேன்.

"ஓம், அப்படித்தான்" என்றேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

போனை வைத்ததும் பாயிஸ் பாய்ந்தான். "என்ன மச்சான் இது? உள்ளதச் சொல்லியிருக்கலாம்தானே!"

"இந்தா, நீ எடுத்துச் சொல்லு."

போனைக் கையில் வாங்கினான். இலக்கத்தைப் பார்த்தபடி நின்றான். பிறகு மேசையில் வைத்தான்.

"எனக்கும் ஏலா மச்சான்."

அடுத்த கிழமை மரியாவின் மின்னஞ்சல் வந்தது. மரியாதையான கடிதம். எந்தக் காரணமும் இல்லாமல் நூற்றுப் பதினாறு பேரும் ஒரே நாளில் கைவிட்ட ஒன்று மக்களுக்குத் தேவையானதாக இருக்க முடியாது என்று எழுதியிருந்தார். நான் கொடுத்த பதிலை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் முடிவு நியாயமானது என்று நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

ஆனிக் கடைசியில் அலுவலகத்தை மூடிச் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் வாசலில் வந்து நின்றார். சம்பூரில் முதலாவதாக எங்களோடு சேர்ந்த ஆனந்தராசா அண்ணை. மட்டக்களப்பால் சுற்றி வந்திருக்கிறார். யாரோ கொடுத்த சேர்ட், தோளைவிட்டு வழிந்தது.

"தம்பி, குறை நினையாதேங்கோ" என்றார். "ஓடேக்க சார்ஜரை எடுக்க மறந்துபோனன். அதான் ஒண்டும் அனுப்பேல்லை. மற்ற ஆக்களும் உங்களிட்டச் சொல்லச் சொன்னவை, வேணுமெண்டு விடேல்லை எண்டு."

பாயிஸ் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டான். தேத்தண்ணி வாங்கிவருகிறேன் என்று போனவன் வெகுநேரம் வரவில்லை. அந்த மனுசன் என் முன்னால் இருந்து, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.