நேருக்கு நேர் சனி

என் கணவர் திருவேங்கடம் எந்தக் கோவிலிலும் முழுசாக ஒரு பிரதட்சிணம் வந்தவர் இல்லை. அப்படிப்பட்டவர் எட்டு மாதமாக ஒரு தார் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். டெலஸ்கோப் செய்யப் போகிறாராம். பீப்பாய் மேல் ஒரு கண்ணாடி வட்டு, அதன் மேல் இன்னொன்று, நடுவே தண்ணீரும் ஏதோ கறுப்புப் பொடியும். பாங்கிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். வட்டு குழிந்து வருகிறதா என்று அவ்வப்போது விரலால் தடவிப் பார்ப்பார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கன்னத்தை அப்படித் தொட்டதில்லை.

"என்னதான் பண்றேள், எனக்கும் சொல்லுங்கோளேன்" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உனக்குப் புரியாது, ராஜி."

ஷிப்ராவுக்குப் புரியும். எதிர் ஃப்ளாட் வங்காளிப் பெண், காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறவள். கண்ணாடி சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க இருட்டு வேண்டுமாம். என் படுக்கையறை ஜன்னல்களைச் சாத்தி, ஒரு சின்ன விளக்கும் ஷேவிங் பிளேடும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணாடியில் விழும் நிழலைப் பார்த்தார்கள். "தாருண், தாதா, தாருண்!" பிரமாதம் அண்ணா, பிரமாதம் என்று அவள் மெச்சுவது வெளியே கேட்டது. எங்கள் லேக் கார்டன்ஸ் பேட்டையில் வேறு இருட்டே கிடைக்கவில்லையா? வயிறு எரிந்தது. அவள் காபியில் சர்க்கரை போடாமலே கொடுத்தேன். குடித்துவிட்டு அதையும் தாருண் என்றாள்.

எழுபத்துநாலு தை மாதம் கண்ணாடியை நீளக் குழாய்க்குள் பொருத்தி எல்லாம் பூட்டி முடிந்தது. அன்று சாயங்காலம் லோட் ஷெடிங், கரண்ட் போய் ஒரே இருட்டு. தெருவே திட்டித் தீர்த்தது. இவர் மட்டும் குதித்துக்கொண்டு குழாயை மொட்டைமாடிக்குத் தூக்கினார்.

"சனி கிரகம் நன்னாத் தெரியும். நீ வராதே, உனக்கு ஜன்மச் சனி நடக்கறது" என்று கேலி வேறு.

கேலியானாலும், கூடவே கிளம்பினவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். சன்னதியில்கூடச் சனி பகவானுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிறவள் நான். நேருக்கு நேர் பார்த்தால் பிடித்துக்கொள்வார் என்ற பயம். பேசாமல் வீட்டோடு இருந்துவிடலாமென்றுதான் நினைத்தேன். அப்போது படியில் ஷிப்ராவின் செருப்புச் சத்தம் கேட்டது. சனியாவது ஒன்றாவது! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் ஏறினேன்.

இவர் குறிபார்த்து நிறுத்திவிட்டு, முதலில் ஷிப்ராவைத்தான் கூப்பிட்டார். அவள் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு "பௌதி, ஆஷுன்" என்று, வாங்கோ அண்ணி என்கிற மாதிரி, என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவளா? பயந்துண்டு கண்ணை மூடிப்பா" என்றார் இவர்.

அவரைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தேன். முதலில் ஒரே கறுப்பு. அப்புறம் கடுகளவு வெளிச்சம். அதைச் சுற்றி, தொடாமல், ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவே இருட்டுகூடத் தெரிந்தது. பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஷிப்ராவின் மேல் இருந்த எரிச்சலும் போயிற்று. பொறாமை மட்டும் போகாமல் இவர் மேல் திரும்பியது. இப்படி ஒன்று இருக்கிறதென்று தெரிந்துதான் எட்டு மாதம் தேய்த்தாரா? பக்கத்திலேயே இருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? எனக்குப் புரியாதாம்!

கிரகம் மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போனது.

"ஐயோ, போறதே! எப்படித் திருப்பறது?"

"நகரு, நான் திருப்பறேன்" என்று குழாயில் கை வைத்தார்.

அந்தக் கையை எடுத்துவிட்டேன். "நீங்க தொடாதேங்கோ. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்கோ."

ஷிப்ரா சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.

"மேற்கே. மெதுவா" என்றார். இத்தனை நாள் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் இப்போது அவர் குரலில் கேட்டது.