உடைக்காத இணைப்பு

கம்ப்யூட்டர் வைரஸ்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராய்கிறவர்களின், யாரும் படிக்கக்கூடிய இணையக் குழுவில் அவனுக்குப் பெரிய பெயர். அங்கே ஒரு விதி உண்டு. வைரஸ் இருக்கும் இணைப்பை, அதாவது லிங்க்கை, பதிவில் போடுவதென்றால், நடுவில் ஓர் அடைப்புக்குறியைச் செருகி உடைத்துத்தான் போட வேண்டும். தெரியாமல் யார் கை பட்டாலும் அது திறக்கக் கூடாது. புதிதாக வந்தவர்கள் மறந்துபோனால் முதலில் பாய்ந்து குதறுகிறவன் இவன்தான்.

அன்று காலை, அப்படியோர் இணைப்பைத் திறந்து மாட்டிக்கொண்ட அலுவலகம் ஒன்றைக் கிழி கிழியென்று கிழித்து எழுதினான். 'கை அரிப்பெடுத்த ஜென்மங்கள்' என்று முடித்தான். பாராட்டு குவிந்தது. மதியம் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, என் கம்ப்யூட்டர்ல எதுவுமே திறக்க மாட்டேங்குது. பாப்பா போட்டோ எல்லாம் போச்சு போலிருக்கு."

"கண்டதையும் அமுக்கினா அப்படித்தான். எதைத் தொட்ட?"

"உன் பதிவைத்தான் படிச்சேன். எப்பவும் படிப்பேன், ஒண்ணும் புரியாது. நடுவுல நீலமா ஒரு வரி இருந்துச்சு. நீ எழுதினதாச்சேன்னு தொட்டேன்."

அவன் அவசரமாகப் பதிவைத் திறந்தான். இணைப்பு உடையாமல், முழுசாக, நீல நிறத்தில் கிடந்தது. திட்டுகிற வேகத்தில் அப்படியே ஒட்டியிருக்கிறான்.

"அக்கா..."

"கோவிச்சுக்காதடா," அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என் தப்புதான். உன் குழுவுல மட்டும் சொல்லிடாத. இப்படி ஒரு அக்கா இருக்கான்னு தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம்."