கோப்பை ஆடவில்லை

பாலைவனம் மனிதகுலத்துக்கு அளித்த மாபெரும் கொடை விருந்தோம்பல். அதன் காவலன் பதூ. என் மச்சான் கல்ஃபான் இந்த வாசகத்தைத் தன் சுற்றுலா முகாமின் வாசலில் மூன்று மொழிகளில் எழுதி மாட்டியிருந்தார். மூன்றிலும் எழுத்துப்பிழை இருந்தது.

பதூ என்றால் ஒட்டகத்தோடு மணலில் அலைந்து வாழ்ந்தவர்கள். என் தங்கை ஸுவைனாவைக் கட்டிய கல்ஃபான் மஸ்கட்டில் ஒரு மின்சார அலுவலகத்தில் குளிர்பதன அறைக்குள் வாழ்ந்தவர். மணல் காற்று அடித்தால் தும்முவார். ஒட்டகம் திரும்பிப் பார்த்தால் இரண்டடி தள்ளி நிற்பார். வேலையை விட்ட அன்று, "நான் என் மண்ணுக்குத் திரும்புகிறேன்" என்று அலுவலகத்தில் ஓர் உரை நிகழ்த்திவிட்டு வந்திருந்தார். அதனால் திரும்பிப் போக முடியாது. போனால், அந்த உரைக்குக் கைதட்டிய எடுபிடிப் பையன் இப்போது உட்கார்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

இந்த நிலையில்தான் மிலேனா என்ற அம்மாள் வந்தார். ஐரோப்பாவிலிருந்து பேருந்து பேருந்தாய் ஆட்களை அனுப்பும் ஒரு பயண நிறுவனத்துக்காரர். அந்த வருடம் பேருந்துகள் எங்கள் முகாமில் நிற்குமா, அடுத்த மணல்மேட்டில் இருக்கும் ஹுமைதின் முகாமில் நிற்குமா என்று அவர்தான் முடிவு செய்வார்.

முந்தின நாளெல்லாம் கல்ஃபான் உட்காரவே இல்லை. மின்னாக்கியை மேட்டுக்குப் பின்னால் தள்ளச் சொன்னார். டிவி குடையைக் கழற்றினார். கழிப்பறைக் கூண்டு நீல நிறப் பிளாஸ்டிக், நகர்த்த வரவில்லை. அதன்மேல் ஆட்டுமயிர்க் கம்பளங்களைப் போட்டு மூடினார்.

"மச்சான், வர்றவங்களுக்கு அவசரம்னா?" என்றேன்.

"சுவைலிம், அவங்க பிளாஸ்டிக்கைப் பார்க்கவா அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க? அசல் வேணும் அவங்களுக்கு. இன்னொண்ணு, நீ எதையும் விளக்கக் கூடாது. பதூ விளக்கம் சொல்றதில்ல."

இடுப்பில் கஞ்சர் கத்தியைச் செருகிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். அந்தக் கத்தி என் அப்பாவுடையது.

மிலேனா வந்தார். திண்டில் சாய்ந்து உட்கார்ந்தார். பேரீச்சம்பழம் தின்றார், ஹல்வா தின்றார். இடது கையில் கஹ்வா என்ற ஏலக்காய்க் காப்பி நிறைந்த தல்லா கூஜாவும் வலது கையில் கோப்பைகளுமாக நான் நின்றேன். ஊற்றுகிறவன் உட்காரக் கூடாது.

கஹ்வாவைப் பற்றி எங்களில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. போதும் என்றால் வெறுங்கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றுவேன். ஊற்றாமல் நின்றால் விருந்தாளியை எழுந்து போகச் சொன்ன மாதிரி.

அந்த அம்மாள் கோப்பையை ஆட்டவில்லை. ஊற்றினேன். குடித்தார். ஊற்றினேன். பதூ கொடுப்பதை மறுத்தால் பெரிய அவமானமாக எடுத்துக்கொள்வார்கள் என்று ஏதோ கையேட்டில் படித்திருந்தாராம். அதைப் பெருமையாக எங்களிடமே சொன்னார்.

"ரொம்ப உண்மை," என்றார் கல்ஃபான்.

விருந்தாளியைத் தனியாகக் குடிக்க விடக் கூடாது என்று அவரும் கோப்பைக்குக் கோப்பை குடித்தார். தல்லா காலியானது. நிம்மதியோடு சமையல் கூடாரத்துக்கு ஓடினேன்.

"தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடட்டுமா?"

ஸுவைனா அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். "என்ன அண்ணே, வெளையாடுறியா? என் அடுப்புல கஹ்வா தீர்ந்துச்சுன்னு ஹுமைத் பொண்டாட்டி காதுல விழணுமா? ஊரெல்லாம் மணியடிப்பா அவ. இந்தா, கொண்டு போ."

"அந்தம்மா குடிச்சிட்டே இருக்காங்க."

"ஒட்டகங்கூட நடுவுல தலையத் தூக்கும். சரி, இவரு?"

"இவரும்தான்."

"எம் மவன் ஹிலாலோட வாப்பாவுமா? மஸ்கட்டுலேர்ந்து வர்ற வழில எத்தன பெட்ரோல் பங்குல வண்டிய நிறுத்துவாருன்னு எனக்குத்தானே தெரியும்." அடுத்த பானையை அடுப்பில் ஏற்றினாள்.

திரும்பி வந்தபோது மிலேனாவின் முழங்கால் ஆடத் தொடங்கியிருந்தது. பிறகு பாதம். பிறகு வளையல்கள் கலகலத்தன. தோடுகூட ஆடியது. கோப்பை பிடித்த கை மட்டும் கல்லாக நின்றது. உடம்பெல்லாம் ஓடும் அந்த நடுக்கம் கொஞ்சம் மணிக்கட்டுக்கு ஏறியிருந்தால் எங்கள் மூவருக்கும் விடுதலை.

கல்ஃபானும் ஒரு தொடைமேல் இன்னொரு தொடையைப் போட்டார், மாற்றிப் போட்டார். கடைசியில் விளக்கம் சொல்லாமலே விளக்க முனைந்தார். தன் கோப்பையை அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டி நன்றாக ஆட்டிக் காட்டினார். மிலேனா மகிழ்ந்துபோனார். ஏதோ வாழ்த்து என்று நினைத்து, பதிலுக்குத் தன் கோப்பையை உயர்த்திப் பிடித்தார். உயர்ந்த கோப்பையில் நான் ஊற்றாமல் என்ன செய்வது? விருந்தாளி மறுபடி குடிக்கவே, ஆட்டிய கோப்பையைக் கல்ஃபானும் மறுபடி நீட்டினார்.

நான் ஊற்றுகிற சாக்கில் குனிந்து அரபியில் முணுமுணுத்தேன். "மச்சான், கோப்பைய ஆட்டச் சொல்லிடுங்க. பாவமா இருக்கு."

"போதுமான்னு விருந்தாளியக் கேக்கறதா? என் பாட்டன் கல்லறைலேர்ந்து எந்திரிச்சு வந்துருவாரு."

"ஒங்க பாட்டன் மத்ரா துறைமுகத்துல மீன் வித்தவரு, மச்சான்."

"ஊத்துடா."

மிலேனா பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்கே நவீன வசதி எதுவுமே கிடையாதா? ரொம்பச் சின்னதா ஏதாவது?" என்று கேட்டார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

இந்தக் கேள்விக்காகத்தான் கல்ஃபான் வருடக்கணக்கில் காத்திருந்தார். கத்தியின் பிடிமேல் கை வைத்துக்கொண்டார். "எதுவும் கிடையாது. எங்கள் முன்னோர் எப்படி இருந்தார்களோ அப்படியே."

மிலேனாவின் முகம் வெளுத்தது. மெய்சிலிர்த்துப் போனார் என்று கல்ஃபான் எடுத்துக்கொண்டார்.

அடுத்த கோப்பை பாதி நிறைந்திருக்கும்போதே அந்த அம்மாள் எழுந்தார். அவசரமாகப் போக வேண்டும் என்றார்; மன்னிப்புக் கேட்டார்; காருக்கு ஓடினார். கார் ஹுமைதின் மேட்டை நோக்கிப் பறந்தது. ஹுமைதின் முகாமில் கழிப்பறைகள் சாலையைப் பார்த்து வரிசையாக நிற்கும். அம்புக்குறி போட்ட பலகை உண்டு. இரவில் அதற்கு விளக்கும் எரியும்.

பேருந்துகள் அந்த வருடம் ஹுமைதிடம்தான் நின்றன. எங்கள் கஹ்வா மறக்க முடியாதது என்று மிலேனா நன்றிக் கடிதம் எழுதியிருந்தார். கல்ஃபான் இப்போது மஸ்கட்டில், பழைய அலுவலகத்தில், அந்தப் பையனிடம் கையெழுத்து வாங்குகிறார்.

அன்று கார் கண்ணுக்கு மறைந்ததும் அவர் பாய்ந்து எழுந்தார். திண்டைத் தூக்கி எறிந்தார், பின்னால் தொங்கிய கம்பளத்தைக் கிழித்து இழுத்தார், நீலக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். மிலேனா அவ்வளவு நேரமும் அந்தக் கதவில்தான் சாய்ந்திருந்தார்.