தூக்கி ஊற்றிய தண்ணீர்

என் நாத்தனார் தெய்வநாயகி போளூரிலிருந்து ஆரணிக்கு வந்து இறங்கியவள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கமாட்டேங்கிறியாமே, நீயெல்லாம் மனுஷியாடி பரிமளா?" என்று ஆரம்பித்துவிட்டாள். போனில் குழறிக் குழறி வத்தி வைத்தது என் மாமனார்தான். பக்கவாதம் வந்தும் அந்தக் குணம் மட்டும் போகவில்லை.

வேலூர் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "முழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடுற மூடி மாமாவுக்கு லேட்டா மூடுது அண்ணி. அது மூடுறதுக்குள்ள தண்ணி மூச்சுக்குழாய்க்கு ஓடிப்பூடும். கெட்டிக் கஞ்சிதான், மோவாயை நெஞ்சோட சேத்துவெச்சு ஒவ்வொரு ஸ்பூனா குடுக்கணும். தண்ணி நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளே இருக்கமாட்டாரு."

"வந்துட்டா பெரிய டாக்டரு!"

ஒரு வேளைக் கஞ்சிக்கு ஒரு மணி நேரம். இருபது நாளாக என் இடுப்பு ஒடிகிறது, இவள் வந்து எட்டிப் பார்த்தாளா? நன்றாகக் கேட்டிருப்பேன். அதற்குள் தறியில் இழை அறுந்துவிட்டதென்று என் வீட்டுக்காரர் கூப்பிட, உள்ளே போனேன்.

இந்த வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் நான் சப்பிக் குடித்த டம்ளரைத் தெருவில் வீசியவர் மாமனார். மகள் மட்டும் முறையை மீறுவாளா? அவர் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, சொம்பைத் தூக்கி ஊற்றியிருக்கிறாள்.

இருமல் சத்தம் கேட்டு ஓடிவந்தேன். முகம் நீலம் பாரித்து, கண் பிதுங்கிக்கொண்டிருந்தது. "அடிப்பாவி, கொன்னுட்டியே!" என்று அவளைத் தள்ளிவிட்டு, அவரை முன்னால் குனியவைத்து முதுகில் அறைந்தேன். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூச்சு திரும்பியது.

"நீ பட்டினி போட்டுத் தொண்டைய ஒட்டவெச்சுட்ட, அதான்" என்றாள், அப்போதும்.

மத்தியானம் கஞ்சியோடு உட்கார்ந்தேன். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு மகளைக் கை காட்டினார். கிண்ணத்தை அவள் மடியில் வைத்தேன்.

"ஊட்டுங்க. உங்க அப்பாதானே."

அவர் வாயைத் திறந்தார். அவள் தூக்கிய ஸ்பூன் பாதி வழியிலேயே சாய்ந்து, கஞ்சி புடவையில் கொட்டியது. "என்னால ஆவாது, பயமா இருக்கு" என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

வாங்கிக்கொண்டேன். உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். மாமனார் மகளைப் பார்த்தார், கஞ்சியைப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தபடியே, மோவாயை நெஞ்சோடு சேர்த்து வாயைத் திறந்தார்.