பழுப்பு ஏறாத ஸ்லைடு

எங்கள் ஏற்காட்டு ஆஸ்பத்திரி லேபில் சுஜாதா டாக்டரைப் போல ஒரு பிடிவாதக்காரியைப் பார்க்க முடியாது. அன்றைக்கு நான் எரிந்து விழுந்தும் அவர் அசையவில்லை.

கிளியூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் சிவசக்திக்குக் கழுத்தில் கட்டி. காசநோய் மாத்திரை தின்றும் கரையவில்லை. ஹாட்ஜ்கின் என்ற புற்றுநோயாக இருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். அதுவென்றால் குணப்படுத்த வழி உண்டு. இல்லையென்று ரிப்போர்ட் போனால் மறுபடி அதே மாத்திரைதான், கட்டி வளர்ந்துகொண்டே போகும்.

கட்டியிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கை ஸ்லைடில் வைத்து, புற்றுச் செல்லைப் பழுப்பாகக் காட்டும் சாயத்தை நான் போட்டேன். எல்லாம் நீலம். மருந்தைக் கூட்டிப் போட்டேன். அப்போதும் நீலம். சனியன்!

"ஏனுங்க மேடம், இல்லைன்னு எழுதிரலாங்க. அந்தப் புள்ள காலைல இருந்து பெஞ்சுல உக்காந்திருக்குது," என்றேன்.

"கௌரி, புற்றுச் செல்லை விடு. பக்கத்துல நியூட்ரோபில் கெடக்குது பாரு. நோயில்லாத வெள்ளை அணுதான், ஆனா இந்தச் சாயம் அதுலயும் கட்டாயம் ஏறோணும். ஏறலையே! நோய் இல்லைன்னா சொல்லுது இந்த ஸ்லைடு? நம்ம சாயம் வேலை செய்யலைன்னு சொல்லுது."

அடேயப்பா! எல்லாரும் நோயைத் தேடுகிற இடத்தில் இந்த அம்மா நோயில்லாத செல்லைப் பார்த்திருக்கிறார்.

சாயம் என்று நாங்கள் போடுவது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஆன்டிபாடி. முதலாவது செல்லில் ஒட்டும். இரண்டாவது அந்த முதலாவதைப் பிடித்து நிறம் காட்டும். டாக்டர் குப்பிகளைத் திருப்பிப் பார்த்தார். புதிதாக வாங்கிய முதலாவது ஐஜிஎம் வகை. எங்கள் இரண்டாவதுக்கோ ஐஜிஜி வகையை மட்டும்தான் பிடிக்கத் தெரியும். ஒட்டியது ஒட்டியபடி கிடக்க, பிடிக்க ஆளில்லை. நான் தலைகீழாக நின்றிருந்தாலும் நிறம் வந்திருக்காது.

ஐஜிஎம்மைப் பிடிக்கும் குப்பி ஒன்று ஃபிரிட்ஜில் இருந்தது. "முதலாவது போடாத ஸ்லைடையும் கூட ஓட்டு. அது நீலமாவே நின்னாத்தான் மத்ததை நம்புவேன்," என்றார். அது நீலமாகவே நின்றது. மற்றதில் நியூட்ரோபில்லும் பழுப்பு, பெரிய புற்றுச் செல்களும் பழுப்பு.

டாக்டரே சிவசக்தியை உள்ளே கூப்பிட்டார். "கேன்சர்தான் கண்ணு, மறைக்கல. ஆனா நொம்பப் பேருக்குக் குணமாகற கேன்சர். இனி சரியான மருந்தே குடுக்கலாம்."

அவள் அழவில்லை. "அதை நான் பாக்கலாங்களா?" என்றாள்.

டாக்டர் எழுந்து தன் ஸ்டூலை அவளுக்குக் கொடுத்தார். சிவசக்தி மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தினியூண்டு இருந்துகிட்டா என்னைய இந்தப் பாடு படுத்துன? இரு, உனக்கு இருக்குது."