பின்பக்கம் திறந்த சட்டை

இணையதளம் தொடங்கி ஐம்பத்து மூன்று நாட்கள் ஆகிவிட்டன. ஒரு சட்டைகூட விற்கவில்லை. தவணை கட்டாததால் சனிக்கிழமை தையல் மெஷினை எடுத்துப்போக ஆள் வருவதாக அத்தான் சொல்லிவிட்டார். அதன் பிறகு அக்கா முன்பு வேலை பார்த்த துணிக் கம்பெனிக்கே திரும்ப வேண்டும்.

தளத்தை அமைத்தவள் நான். வேதியியல் பட்டம் வாங்கி வீட்டில் இருந்ததால் என் தலையில் விழுந்தது. அக்கா தைக்கும் சட்டை என் உள்ளங்கையில் அடங்கும். வெள்ளைப் பருத்தி. பொத்தான் கிடையாது; முதுகுப்பக்கம் முழுவதும் திறந்து, இரண்டு நாடாக்களால் கட்டுவது. பக்கத்துக்கு அவள் வைத்த தலைப்பு ‘வெண்மை’. வேறு ஒரு சொல் எழுத விடவில்லை.

அக்கா ஏழாம் மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்காகத்தான் தைக்கிறாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

வியாழக்கிழமை, எதைத் தேடியவர்களுக்கு எங்கள் பக்கம் தெரிந்தது என்ற அறிக்கையைத் திறந்தேன். அத்தான் என் தோளுக்கு மேல் குனிந்து படித்தார்.

“பொம்மை சட்டை. நாலு பேரு.”

“பொம்மைக்காவது தேடுறாங்களே,” என்றாள் அக்கா, மெஷினை விட்டுத் திரும்பாமல்.

“விளையாட்டா இருக்கா உனக்கு? நாளை மறுநாள் ஆள் வந்து நிப்பான்.”

“படம் நல்லாத்தானே இருக்கு. பார்த்தா தெரியாதா?”

“தேடுபொறி படத்தைப் பார்க்காதுக்கா, எழுத்தைத்தான் படிக்கும். யாருக்கு, எதுக்குன்னு தலைப்புல இருக்கணும். படத்துக்கும் விளக்கம் வேணும். ‘வெண்மை’ன்னு தேடினா சோப்புத்தூள்தான் வரும்.”

அத்தானுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

‘குறைமாதக் குழந்தை உடைகள்’ என்று தலைப்பில் அடித்தேன்.

“அதை அழிச்சிடு,” என்றாள் அக்கா. “அந்தப் பிள்ளைங்களுக்குக் கடை நிறைய இருக்கு.”

“அப்ப யாருக்குத்தான் தைக்கிறே? இப்ப மாத்தினாலும் தேடுபொறி மறுபடி வந்து படிக்க நாளாகும். சனிக்கிழமைக்குள்ள நடக்குமான்னே தெரியல. வாயைத் திறந்து சொல்லேன்க்கா.”

மெஷின் நின்றது. நான் அவ்வளவு உரக்கப் பேசி அவர்கள் கேட்டதில்லை. தளம் அமைக்க இணையத்தில் படித்த பாடத்தில் இருந்த ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

“சரி. வாங்குறவங்க நீயா இருந்தா, எந்த வார்த்தையை அடிச்சுத் தேடுவே?”

“தேடினேன்.”

அத்தான் நிமிர்ந்தார். “எப்ப?”

“ஆஸ்பத்திரியில நீங்க வெளிய கையெழுத்துப் போட்டுட்டு இருந்தப்ப. நர்ஸ் துண்டுல சுத்திக் கொடுக்கட்டுமான்னு கேட்டா. கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு, ஒரு கையால போன்ல தேடினேன். வந்ததெல்லாம் சிரிக்கிற குழந்தைங்க படம். ஒண்ணுகூட அளவு சரியா இல்ல.” நாடாவை விரலில் சுற்றினாள். “கை மடங்காதுங்க. தலைவழியா மாட்ட முடியாது. அதான் பின்னால திறந்து வெச்சேன்.”

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைப்பை அழித்துவிட்டேன். காலிக் கட்டத்தில் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

“என்ன அடிச்சே?” என்று கேட்டார் அவர். “சொல்லு. அவ எழுதட்டும்.”

அக்கா திரையைப் பார்த்துச் சொன்னாள்:

“இறந்து பொறந்த குழந்தைக்குப் போடச் சட்டை.”