வலது காதுக்கு மட்டும்

காலை ஷிப்ட் முடிந்து போலந்தின் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மேலே வந்தபோது ராய்முண்டுக்கு இரண்டு முழங்காலும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. நேராகப் படுக்கைக்குப் போயிருப்பான். ஆனால் அடுத்த வாரம் சுரங்க மீட்புப் படைக்கு மருத்துவச் சோதனை. படி ஏறி இறங்கும்போது நாடி வரம்பைத் தாண்டினால் பெயரை அடித்துவிடுவார்கள். வாலிபத்திலிருந்தே அந்தப் படையில் இருப்பவன். ஓடும்போதே நாடியைக் காதில் சொல்லும் சாமான் வந்திருக்கிறது என்று கூட்டாளி ஜெரார்ட்தான் கடைக்கு இழுத்து வந்தான்.

கடைப் பெண் கிங்கா இரண்டு ஜோடி இயர்பட்ஸை எடுத்து வைத்தாள்.

"இது காது மேல சும்மா தொங்கும் சார். பாட்டு கேக்கலாம், எவ்வளவு தூரம் ஓடினீங்கன்னு சொல்லும். நாடி பாக்காது. இது உள்ள இறுக்கமா உக்காரும். நாடி சொல்லும், வேர்வைக்கும் தாங்கும்."

"நாடிதாம்மா வேணும்," என்றான் ராய்முண்ட்.

இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டதும் கடைச் சத்தம் அறுந்தது. ராய்முண்டின் கண் தானாக மேல்கூரைக்குப் போனது. சுரங்கத்துக்குள் கூரைப் பாறை விழுவதற்கு முன்னால் முனகும். அதைக் கேட்கிற காதுதான் ஆளைக் காப்பாற்றும்.

கிங்கா போனைத் திருப்பிக் காட்டினாள். "நூத்திப் பதினெட்டு. ஓடியா வந்தீங்க?"

"நின்னுக்கிட்டே ஓடுவான்மா இவன்," என்றான் ஜெரார்ட். "டேய், இதுக்கே இப்படின்னா டாக்டரம்மா கையைப் பிடிச்சா என்ன ஆவே?"

"வாயை மூடுடா. காது அடைச்சா மூச்சு முட்டுது எனக்கு."

ஜெரார்டின் சிரிப்பு நின்றது. அவனும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

"நாடி பாக்கிறது எல்லாமே இறுக்கமாத்தான் சார் இருக்கும்," என்றாள் கிங்கா.

ராய்முண்ட் இடது காதிலிருந்ததைப் பிடுங்கினான். கதவுச் சத்தம், கல்லாப்பெட்டி, எவனோ இருமுவது எல்லாம் திரும்பி வந்தன. திரையில் எண் மெல்ல இறங்கி எண்பத்தாறில் நின்றது.

"ஒரு காதுல மட்டும் போட்டா போதுமா?"

"நாடி பாக்கிறது வலதுலதான் சார். இடது இல்லாட்டியும் வேலை செய்யும்."

"அப்ப பாதி விலை வாங்கிக்கம்மா," என்றான் ஜெரார்ட்.

"ஜோடியாத்தான் விக்கிறது."

முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு கத்தோவித்சே ஊருக்குப் போகும் டிராமுக்காக நிறுத்தத்தில் நின்றார்கள். உட்கார இடமில்லை.

"இடது சும்மாதானே கிடக்கப்போகுது, எனக்குக் குடு. நம்ம கணக்கு தீந்துச்சுன்னு வச்சுக்கலாம்," என்றான் ஜெரார்ட்.

"எடுத்துக்க. கணக்கு தீராதுடா."

மூன்று ஞாயிற்றுக்கிழமை, ராய்முண்ட் ஓட்டப் பயிற்சிக்குப் போகட்டும் என்று, அவனுக்குப் பதிலாகத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்க்கக் கீழே இறங்கியவன் ஜெரார்ட். அவன் இயர்பட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்த மூன்று நாள் வேலையை ராய்முண்ட் அவனுக்குத் திருப்பிச் செய்துகொடுப்பது இன்னும் பாக்கி.